‘அக்சஸ் டினைட்’ என்று சொல்வது டிஸ்க் அல்ல

“படமெல்லாம் உள்ளுக்க கிடக்குது தம்பி, உதை எறிஞ்சுபோடாதேங்கோ” என்றார் வெள்ளவத்தை அக்கா. மேசைக்குக் கீழே தூசி குடித்துக் கிடந்தது 2005 வாக்கில் வாங்கிய ஒரு கொம்பியூட்டர். திறந்து பார்த்தால் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் ஊதிப்போயிருந்தன, அதனால் அதை எழுப்பும் எண்ணத்தை விட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றினேன். 80 ஜிபி, அகலமான 40 பின் கேபிள் போடும் ஐடிஈ வகை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு யூஎஸ்பி மாற்றி வாங்கிவந்து லேப்டொப்பில் கொழுவினேன். மாற்றியில் லைட் எரிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் டிஸ்க் செத்துப்போச்சு என்று முடிவெடுக்கிறார்கள். ஆனால் 3.5 அங்குல டிஸ்க்குக்கு இரண்டு வகை மின்சாரம் வேண்டும், சர்க்கியூட்டுக்கு 5 வோல்ட், தட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட். யூஎஸ்பி தருவது 5 மட்டும். மாற்றியோடு வந்த தனி அடப்டரைச் சுவரில் செருக வேண்டும், நான் அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டிருந்தேன்! (லேப்டொப்பின் 2.5 அங்குல டிஸ்க் 5 வோல்ட்டிலேயே ஓடிவிடும்.) ஐடிஈ டிஸ்க் என்றால் பின்பக்கத்துக் குட்டி ஜம்பரையும் பாருங்கள். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் கொழுவிய காலத்து மிச்சம் அது, பல மாற்றிகள் அது மாஸ்டர் இடத்தில் இருந்தால்தான் டிஸ்க்கைக் கண்டுகொள்ளும்.

சுழலத் தொடங்கியதும் காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். சீரான இரைச்சல் என்றால் சரி. ‘டிக், டிக்’ என்று ஒரே தாளத்தில் அடித்தால் உடனே வயரைக் கழற்றுங்கள். நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் தட்டின் வெளிவிளிம்பு மணிக்கு 120 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது, தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில்கூட 100க்கு மேல் போக விடமாட்டார்கள். வாசிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடுவதில்லை, தட்டு கிளப்பும் காற்றிலேயே மிதக்கிறது, அதுவும் தலைமயிர்த் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில். தான் எங்கே நிற்கிறேன் என்று காட்டும் அடையாளங்களை வாசிக்க முடியாதபோது முனை தன் இருப்பிடத்துக்கு ஓடிப்போய் மறுபடி முயல்கிறது, அந்த ஓட்டத்தின் சத்தம்தான் டிக். ஒவ்வொரு முயற்சியிலும் தட்டில் கீறல் விழலாம். அப்படியான டிஸ்க் தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு ஆட்களுக்குரியது, நமக்கல்ல. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அந்தக் காலத்து டிஸ்க்குகள் காற்றுப் புகாதபடி மூடப்பட்டவை அல்ல, வடிகட்டி வைத்த ஒரு சிறு துளையால் மூச்சு விடுகின்றன. குளிர்ந்த இரும்பைக் கொழும்பின் ஈரக்காற்றில் எடுத்துவைத்தால் என்ன நடக்கும் என்று ஒரு குளிர்சோடாப் போத்தலைப் பார்த்தாலே தெரியும்.

அக்காவின் டிஸ்க் நல்லபடி இரைந்தது, திரையில் பட்டியலும் வந்தது. அவருடைய கணவரின் ஃபோல்டரைத் திறந்தேன். ‘அக்சஸ் டினைட்’, அனுமதி இல்லையாம்.

இதை டிஸ்க்கின் பழுது என்று நினைக்கவேண்டாம். வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றின் வாசலில் செக்யூரிட்டி ஐயா வைத்திருக்கும் கொப்பியை யோசித்துப் பாருங்கள். யார் யாரை மேலே விடலாம் என்று அதில் எழுதியிருக்கிறது, ஆனால் பெயர் இல்லை, அடையாள அட்டை இலக்கம் மட்டும். விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறையும் அப்படித்தான், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு அனுமதிப் பட்டியல், அதில் பயனர்கள் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்களாக இருப்பார்கள். அந்த எண்ணைக் கணக்குத் திறக்கும்போது அந்தந்த விண்டோஸ் தானே உருவாக்குகிறது. ஆகவே புதிய லேப்டொப்பில் அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு கணக்குத் திறந்தாலும் பயனில்லை, எண் வேறு. பழைய எண்ணுக்குரியவர் யார் என்று இந்த லேப்டொப்புக்குத் தெரியாது, தெரியாதவரின் வீட்டைத் திறந்துவிடவும் மாட்டாது. பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் முதல்முறை கடவுச்சொல் வைக்கும்போது, உங்கள் ஃபோல்டரை மற்றவர்கள் பார்க்காதபடி ஆக்கவா என்று அது கேட்கும். அக்காவின் கணவர் ஆம் என்று சொல்லியிருக்கிறார், பாவம், பதினைந்து வருடம் கழித்து மாட்டிக்கொண்டது நான்.

ஆனால் பூட்டு வாசலில்தான், உள்ளே படங்கள் எழுதியபடியேதான் இருக்கின்றன. நிர்வாகி உரிமையுள்ள கணக்குக்கு எந்த ஃபோல்டரின் உரிமையையும் தன் பெயருக்கு மாற்றும் அதிகாரம் உண்டு, காணி உறுதியைப் பெயர் மாற்றுவது மாதிரி. ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட், அங்கே ஓனர் என்ற இடத்தில் சேஞ்ச், உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து என்ற கட்டத்தில் ஒரு சரி. அப்புறம் உங்கள் கணக்குக்கு முழு அனுமதி கொடுங்கள்.

ஒரு பொறி உண்டு. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவோ அதற்குப் பிந்தியதோ ஓடிய டிஸ்க் என்றால் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ திறக்கவில்லை என்று மணிக்கணக்காக மல்லுக்கட்டாதீர்கள். அது பழைய மென்பொருட்களுக்காக வைத்த வெறும் கைகாட்டி, சரக்கு ‘யூசர்ஸ்’ ஃபோல்டரில் இருக்கிறது.

இன்னொன்று, இது முக்கியம். உரிமை மாற்றும்போது அந்தப் பழைய டிஸ்க்கில் எழுதுகிறீர்கள், ஆயிரக்கணக்கான கோப்புகளின் பதிவுகளைத் திருத்துகிறீர்கள். இழுத்து இழுத்து வாசிக்கிற டிஸ்க்கில் அது வேண்டாத வேலை. லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அதால் முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு நகலாக எடுத்துவிட்டு நகலில் விளையாடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும், அடம்பிடிக்கும் பகுதிகளுக்குக் கடைசியாகத்தான் திரும்பி வரும், எங்கே நிறுத்தியது என்றும் ஒரு கோப்பில் குறித்துவைக்கும், பாதியில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ‘ஃபோர்மட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள், ஃபோல்டர் அமைப்பின் பதிவை வாசிக்க முடியவில்லை என்பதைத்தான் அது அப்படிக் கேட்கிறது.

உரிமை மாற்றியும் திறக்காதது மறைகுறியாக்கிய கோப்பு மட்டும்தான். எக்ஸ்பியில் அவற்றின் பெயர் பச்சை நிறத்தில் தெரியும். அங்கே பூட்டு வாசலில் இல்லை, எழுத்தே கலைத்து எழுதப்பட்டிருக்கிறது, திறப்பு பழைய கணக்கின் கடவுச்சொல்லோடு கட்டுண்டு கிடக்கிறது. அக்காவுடையதில் பச்சை ஒன்றும் இருக்கவில்லை.

படங்கள் எல்லாம் வந்தன. பக்கத்திலேயே ஒரு வேர்ட் கோப்பு, திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் கண்டபடி. “இதுவும் பழுதோ?” என்றார் அக்கா. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று முதல் சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாமினி எழுத்துரு! எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் பரவ முன்னர் நம்மில் பாதிப்பேர் தட்டச்சு செய்தது அதில்தான். கணினி சேமித்தது ஆங்கில எழுத்தின் எண்களை, தமிழ் உருவம் எழுத்துருவில் மட்டும். பாமினியை நிறுவினேன், அந்த ஐந்து குறிகளும் ‘அம்மா’ ஆகின. கணவர் யாழ்ப்பாணத்துக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், நான் அடுத்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கினேன்.