துவிஃபுங்சி: சொல்லும் அதற்கான தமிழும்

இந்தோனேசிய அரசியலைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க முடியாத சொல் 'துவிஃபுங்சி'. எல்லையைக் காப்பதோடு அரசியலிலும் நிர்வாகத்திலும் பங்கேற்பது படையின் வேலையே என்று கூறிய கோட்பாட்டுக்கு அதுவே பெயர். அதிபர் சுகார்த்தோவின் முப்பதாண்டுக்கும் மேலான ஆட்சி இதன்மேல்தான் நின்றது.

சொல்லின் முன்பாதியான 'துவி', இரண்டு என்னும் பொருள் தரும் வடசொல். இந்தோனேசியர் தம் செவ்வெள்ளைக் கொடியைத் துவிவர்ணா என்பார்கள். இரு மொழி அறிந்தவரைத் 'துபாஷி' என்று அழைத்த நமக்கும் அது புதிதன்று. பின்பாதி டச்சு வழியாக வந்த இலத்தீன் சொல். ஒரு வேலையை நிறைவேற்றுதல் என்பது அதன் வேர்ப்பொருள்.

கருத்து பிறந்தது 1958இல். இலத்தீன் அமெரிக்கப் படைகளைப் போல ஆட்சியைப் பறிக்கவும் மாட்டோம், மேற்கு ஐரோப்பாவில் உள்ளதுபோல அரசின் வெறும் கருவியாக ஒதுங்கியிருக்கவும் மாட்டோம் என்ற நிலைப்பாட்டைத் தளபதி நசுத்தியோன் மாகலாங் படைக் கல்லூரியில் முன்வைத்தார். அதற்கு 'நடுவழி' என்று பெயர். சுகார்த்தோ அந்த வழியை நெடுஞ்சாலையாக அகலப்படுத்தினார். 1982இல் அதற்குச் சட்ட வடிவமும் கிடைத்தது. மாகாண ஆளுநர் முதல் அரசு நிறுவனத் தலைவர் வரை படை அதிகாரிகள் பலர் அமர்ந்தனர். 1987இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் 500 இடங்களில் 100 படைக்கென ஒதுக்கப்பட்ட நியமன இடங்கள். படையினருக்கு வாக்குரிமை இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். இதனினும் ஆழமாக வேர்விட்டது கிராமம்வரை இறங்கிய படை அமைப்பு. 'பாபின்சா' எனப்படும் கீழ்நிலைப் படைவீரர் ஊர்க்கூட்டத்தில் ஊர்த்தலைவரின் பக்கத்தில் சீருடையோடு அமர்ந்திருக்கையில், யார் எதைப் பேசத் தயங்குவார் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'இரட்டைச் செயல்பாடு' என்பது நேர்ப் பெயர்ப்புதான், ஆனால் இயந்திரத்தின் தன்மையைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. 'இரட்டைப் பதவி' என்றால் ஒருவரே இரு நாற்காலிகளில் அமர்வது என்றாகி, செய்தி தனிமனிதர் முறைகேடாகச் சுருங்கிவிடும். 'இரட்டையாட்சி' 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் நடந்த ஆட்சிமுறைக்கு ஏற்கெனவே உரியதாகிவிட்டது. என் தேர்வு 'இருகடமைக் கோட்பாடு'. படை தன் அதிகாரத்தை ஒருபோதும் அதிகாரம் என்று சொல்லிக்கொண்டதில்லை, கடமை என்றே சொன்னது. அந்தப் போர்வை மொழிபெயர்ப்பிலும் தெரிய வேண்டும். 'கோட்பாடு' என்ற ஒட்டை விட்டுவிட்டால், இரண்டு கடமைகளும் உண்மையிலேயே இருப்பதாக நாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

1998 மே 21 அன்று சுகார்த்தோ பதவி விலகியபின் கோட்பாடு கைவிடப்பட்டது. காவல்துறை 1999இல் படையிலிருந்து பிரிக்கப்பட்டது. நாடாளுமன்ற நியமன இடங்கள் 38 ஆகக் குறைந்து, 2004இல் அறவே நீங்கின. ஆனால் கிராமம்வரை நீண்ட அமைப்பு கலைக்கப்படவில்லை. 2004ஆம் ஆண்டின் படைச் சட்டமும், பணியில் உள்ள அதிகாரிகள் பத்து வகை அரசு அமைப்புகளில் பொறுப்பேற்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தது. முன்னாள் தளபதியும் சுகார்த்தோவின் முன்னாள் மருமகனுமான பிரபோவோ சுபியாந்தோ அதிபரான சில மாதங்களில், 2025 மார்ச் 20 அன்று நிறைவேறிய சட்டத் திருத்தத்தால், அந்தப் பத்து பதினான்கு ஆயிற்று.

படையைப் பாசறைக்கே திருப்பி அனுப்புங்கள் என்று மாணவர்கள் தெருவில் இறங்கியபோது, ஓய்ந்துபோனதாகக் கருதப்பட்ட பழைய சொல் பதாகைகளில் மறுபடி எழுந்தது. அரசோ அந்தச் சொல்லையே ஏற்கவில்லை. பட்டியலுக்கு வெளியே பதவி ஏற்பவர் படையிலிருந்து விலகியாக வேண்டும் என்ற விதியைச் சுட்டுகிறது. ஆகவே இச்சட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர், 'இருகடமைக் கோட்பாடு திரும்புகிறது' என்பதை எதிர்ப்பாளரின் கூற்றாகவும், பத்து பதினான்கானதைத் தம் சொந்தக் கூற்றாகவும் எழுதுவதே முறை.