குளூட்டன்: பசையமா, மாப்பிசினா?

கோதுமை மாவை இழுபடச் செய்யும் பொருளுக்குக் குளூட்டன் என்று பெயர்; அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதே இங்குள்ள கேள்வி. குளூட்டன் என்பது இலத்தீன் மொழியில் பசையைக் குறிக்கும் சாதாரணச் சொல். ஆங்கிலத்தில் ஒட்டுபசைக்கு வழங்கும் 'குளூ' என்பதும் அதற்கு உறவான சொல்லே. தமிழை 'ஒட்டுநிலை மொழி' என்று மொழியியலார் வகைப்படுத்துகிறார்கள் அல்லவா, அந்தக் கலைச்சொல்லின் ஐரோப்பிய மூலமாகிய 'அக்ளூட்டினேட்டிவ்' என்பதும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான். 'வீடுகளிலிருந்து' என்னும் சொல்லில் ஒன்றன்பின் ஒன்றாக உருபுகள் ஒட்டி நிற்பதற்கு இடப்பட்ட பெயரும், பரோட்டா மாவு அறுந்துபோகாமல் இழுபடுவதற்குக் காரணமான பொருளின் பெயரும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்பது தமிழ் வாசகருக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கும்.

இப்பொருளை மாவிலிருந்து தனியே பிரித்து விவரித்தவர், இத்தாலியின் பொலோஞா நகரில் வாழ்ந்த யாக்கோப்போ பெக்காரி. கோதுமை மாவைப் பிசைந்து, நீரில் அலசிக்கொண்டே இருந்தால் மாச்சத்து பாலாகக் கரைந்து போய்விடும். கையில் எஞ்சுவது சவ்வுபோல இழுபடும் ஓர் உருண்டை. 1745இல் அச்சேறிய அவருடைய ஆய்வு, இந்த உருண்டை தாவரப் பொருளைவிட விலங்குப் பொருளின் இயல்பையே ஒத்திருக்கிறது என்று குறிப்பிட்டது. புரதம் என்னும் கருத்தே அப்போது உருவாகியிருக்கவில்லை என்பதை நினைத்தால், அவர் கண் எவ்வளவு கூர்மையானது என்பது விளங்கும். திருநெல்வேலி அல்வாக்காரரும் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலை வடித்தெடுக்கிறார். அவருக்கு வேண்டியது கரைந்து போகும் பால், பெக்காரிக்கு வேண்டியது கரையாமல் நின்றது. ஆனால் வடித்த பாலிலும் அந்தப் புரதம் சிறிதளவு தங்கவே செய்யும் என்பதால், குளூட்டன் ஆகாத சீலியாக் நோயாளிகளுக்கு அல்வாவும் ஆகாது.

குளூட்டன் ஒரே புரதம் அன்று. கிளையடின், குளூட்டெனின் என்னும் இரு புரதத் தொகுதிகள் நீர்பட்டுப் பிசையும்போது ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. அந்த வலைதான் மாவுக்கு இழுவையையும், ரொட்டிக்குக் காற்றைப் பிடித்து உப்பும் திறனையும் தருகிறது. கிளையடின் என்னும் பெயரும் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே வந்தது. பார்லியில் ஹோர்டின், ரை தானியத்தில் செகலின் என்று இதற்கு நெருங்கிய புரதங்கள் உள்ளன. உணவுச் சட்டங்களும் மருத்துவர்களும் இவை அனைத்தையும் சேர்த்தே குளூட்டன் என்கிறார்கள்.

பிற மொழியினர் இதற்கு என்ன பெயர் இட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மானியர் ஒட்டும் பொருள் என்னும் பொருளில் 'கிளேபர்' என்றார்கள்; ரஷ்யச் சொல்லும் பசையிலிருந்தே பிறந்தது. சீனர் மட்டும் 'மாவின் தசைநார்' என்று பெயரிட்டார்கள். இதையே உணவாகச் சமைத்து உண்டவர்கள் அவர்கள். ஒட்டுவதைக் காட்டிலும் இழுபடுவதே அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

தமிழ் எழுத்தில் இதற்கு மாப்பிசின், பசையம் என்னும் இரு சொற்கள் காணப்படுகின்றன. மாப்பிசின் என்பது பார்வைக்கு அழகிய ஆக்கம்தான். ஆயினும் பிசின் என்றவுடன் தமிழர் மனத்தில் வருவது வேம்பின் பிசின், கருவேலம்பிசின், பாதாம் பிசின் போன்ற மரத்திலிருந்து வடியும் பொருள்கள். அவை புரதத்தாலானவை அல்ல, பெரும்பாலும் சர்க்கரைத் தொடர்களாலானவை. போதாக்குறைக்கு, பெருங்காயமே ஒரு செடியின் பிசின். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கருவேல இனப் பிசினும் சேர்கிறது, பல நிறுவனங்களின் பொருளில் கோதுமை மாவோ மைதாவோ சேர்கிறது. இவற்றுள் நோயாளிக்குக் கேடு செய்வது மாவுதான், பிசின் அன்று. ஒரே டப்பாவில் 'பிசின் உண்டு, ஆனால் மாப்பிசின் இல்லை' என்று எழுத வேண்டிய நிலையை ஒரு கலைச்சொல் உண்டாக்குமானால், அது யாருக்காக ஆக்கப்பட்டதோ அவரையே குழப்புகிறது.

பசையம் என்பதிலும் குறை இல்லாமலில்லை. பள்ளிப் பாடத்தில் படித்த பச்சையத்துக்கும் இதற்கும் இடையே ஓர் ஒற்றெழுத்துத்தான் வேறுபாடு. அச்சுப் பிழை நேர்ந்தால் 'பச்சையம் அற்ற மாவு' ஆகிவிடும். மேலும் ஈரப்பசை, எண்ணெய்ப்பசை, பசையுள்ள ஆள் என்றெல்லாம் பசைக்குப் பல பொருள்கள் தமிழில் உண்டு. சோறு குழைந்து ஒட்டினால் அதுவும் பசைதானே என்று கேட்பவருக்கு விடை சொல்ல வேண்டும்: செட்டிநாட்டுக் கவுனி அரிசி ஒட்டுவது அதிலுள்ள மாச்சத்தின் தன்மையால், அதில் குளூட்டன் இல்லை. சுவரொட்டி ஒட்ட மைதாவைக் காய்ச்சிக் கிண்டும் பசையும் பெரும்பாலும் மாச்சத்தின் வேலைதான். இத்தனை குறைகளையும் எண்ணிப் பார்த்த பிறகும், 'பசையம்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். அது மூலச்சொல்லின் பொருளை நேராகக் காட்டுகிறது, 'அம்' ஈறு பெற்று வெறும் பசையிலிருந்து விலகி நிற்கிறது, 'பசையமற்ற', 'பசையமுள்ள' என்று எளிதாகப் புணர்கிறது. ஆனால் உணவுப் பொட்டலத்தில் 'குளூட்டன்' என்பதையும் பக்கத்தில் அச்சிடாமல் விடக் கூடாது. சொல்லாக்கச் சோதனைக்கு நோயாளியின் குடல் இடமன்று.

இனி நோயின் பெயர். சீலியாக் என்பது வயிற்றைக் குறிக்கும் 'கொய்லியா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் அடி உட்குழிவான என்னும் பொருளுடையது. இதைக் கண்டதும் நம் 'குழி'யோடும் 'குழலோ'டும் முடிச்சுப்போட ஆசை எழும். ஒலியொப்புமை மட்டுமே சான்றாகாது. கப்படோக்கியாவைச் சேர்ந்த அரெட்டேயஸ் என்னும் பண்டைய மருத்துவர், உணவு செரிக்காமல் நாட்பட்டுக் கழியும் நோயாளிகளை இச்சொல்லால் குறித்தார். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 1887இல் உரையாற்றிய சாமுவேல் ஜீ அதே பெயரை மீண்டும் எடுத்து, இது குணமாகுமானால் உணவின் வழியாகவே குணமாகும் என்றார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. 1924இல் அமெரிக்காவின் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையால் குழந்தைகளைத் தேற்றினார். வாழைப்பழம்தான் மருந்து என்று நம்பினார், ஆனால் உண்மையில் உதவியது அவர் ரொட்டியை விலக்கியதுதான். டச்சு மருத்துவர் வில்லம் டிக்கேதான் கோதுமையைக் குற்றவாளியாக அடையாளம் கண்டவர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அவருக்கு அந்த ஐயம் இருந்தது. நெதர்லாந்தின் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டியே கிடைக்காமல் போனபோது தம் சிறு நோயாளிகள் தேறியதைக் கண்டார். 1950இல் வெளியான அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு அதை நிறுவியது.

இந்நோயைத் தமிழில் 'கோதுமை ஒவ்வாமை' என்று எழுதுவது பிழை. ஒவ்வாமை உடனடியாகத் தடிப்பாகவோ மூச்சிரைப்பாகவோ எழுவது. சீலியாக் நோயில் உடலின் தற்காப்பு மண்டலமே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. அங்குள்ள குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரும்பும் கால்சியமும் உடலில் சேர்வதில்லை. குழந்தை வளராமல் நிற்கிறது, அல்லது பெரியவர் ஒருவர் எத்தனை இரும்பு மாத்திரை விழுங்கியும் இரத்தசோகை மாறாமல் திரிகிறார். எனவே 'சீலியாக் நோய்' என்றே எழுதி, முதல் இடத்தில் 'பசையத்தால் தூண்டப்படும் தன்தாக்குக் குடல்நோய்' என்று விளக்குவது போதும். இரத்தப் பரிசோதனைக்கும் குடல் திசுப் பரிசோதனைக்கும் முன்பே தாமாகக் கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவுகள் தவறாக வரக்கூடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் மூன்று வட்டாரங்களில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்று, இந்நோய் வட இந்தியாவில் ஏறத்தாழ 1.23 விழுக்காட்டினருக்கும் தென்னிந்தியாவில் 0.10 விழுக்காட்டினருக்கும் இருப்பதாகக் கணித்தது. சோறு உண்ணும் நாட்டில் கோதுமை நோய் அரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. அரிது என்பதாலேயே, விருந்துக்குப் போன வீட்டில் 'ஒரே ஒரு பூரிதானே, ஒன்றும் ஆகாது' என்னும் அன்புத் தொல்லையையும் நோயாளி தாங்க வேண்டியிருக்கிறது.

அன்றாட வாழ்வில் அவரை அதிகம் ஏமாற்றுவது நம் உணவுப் பெயர்கள்தாம். பார்லியை 'பார்லி அரிசி' என்கிறோம். பெயரில் அரிசி இருக்கிறது, உள்ளே பசையம் இருக்கிறது. ஜவ்வரிசியிலும் அரிசி இல்லை, ஆனால் அது மரவள்ளிக் கிழங்கின் மாச்சத்து, கேடில்லை. சம்பா என்றால் நெல் நினைவுக்கு வரும்; சம்பா ரவையோ கோதுமை. ராகி மால்ட் என்பது முளைகட்டிய கேழ்வரகு, கலப்பில்லாவிட்டால் உண்ணலாம். பொட்டலத்தில் வெறுமனே 'மால்ட்' என்றிருந்தால் அது பெரும்பாலும் பார்லி. ராகி சேமியா பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். சத்து மாவில் எத்தனை தானியம் என்று எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வார்கள். அவற்றுள் ஒன்று கோதுமையாக இருக்கும். ரவா தோசை சுட்ட கல்லிலேயே அடுத்த சாதாத் தோசையும் சுடப்படும். மொழிபெயர்ப்பாளர்களும் கவனிக்க வேண்டும்: ரை என்பதைக் கம்பு என்று எழுதிவிட்டால், உண்ணத்தக்க கம்பை நோயாளி விலக்குவார். 'கோதுமை இல்லாதது' என்பதும் 'பசையமற்றது' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் பார்லி இருக்கலாம்.

பசையமற்றது என்று அழைக்க, பன்னாட்டு உணவு நெறியான கோடெக்சும் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத குளூட்டன். ஒரு கிராம் மைதாவில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும் என்று கொண்டால், ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் மைதா விழுந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். மாவு மில்லில் நமக்கு முன்னால் கோதுமை அரைத்தவரின் மாவு அதைவிட அதிகமாகவே இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகையால் இந்நோய் உள்ள வீடுகளில் தனி மிக்சியோ சிறு அரவை இயந்திரமோ வாங்கி, அரிசியையும் சிறுதானியங்களையும் வீட்டிலேயே கழுவி உலர்த்தி அரைத்துக்கொள்கிறார்கள். ஓட்ஸும் தூய்மையானதாகக் கிடைத்தால் பெரும்பாலோருக்கு ஒத்துப்போகிறது. சாதாரணக் கடை ஓட்ஸில் கோதுமைக் கலப்பு இருக்கும்.

இலங்கைத் தமிழரிடம் இச்சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. தமிழகத்தில் இடியப்பம் என்றால் பெரும்பாலும் அரிசிதான். அங்கே அவித்த கோதுமை மாவிலும் இடியப்பமும் பிட்டும் செய்வது வழக்கம், இரண்டு மாவையும் கலப்பதும் உண்டு. சொல்லிலும் மாற்றம் உண்டு: இங்கே மைதா எனப்படுவது அங்கே 'கோதுமை மா'. ஆகவே அங்குள்ள நோயாளி கடையில் 'மைதா சேருமா' என்று கேட்டுப் பயனில்லை. 'இது தனி அரிசி மாவோ, கோதுமை மா கலந்ததோ? அவிச்ச மா எது?' என்று கேட்க வேண்டும்.