கப்பல் கல்யாணத்துக்குத் தனியாக ஓர் ஏற்பாட்டாளர் வேண்டுமா?

கப்பலில் திருமணம் என்று முடிவு செய்துவிட்டு எங்களிடம் வரும் குடும்பங்கள், "கப்பல் நிறுவனமே ஓர் ஒருங்கிணைப்பாளரைத் தருகிறதே, உங்களுக்கு வேறு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதையே தொழிலாகச் செய்யும் நான், வந்தவர்களில் சிலரிடம் நாங்கள் தேவையில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன்.

முப்பது நாற்பது பேர் கூடி, மாலை மாற்றி, மோதிரம் அணிவித்து, இரவு விருந்தோடு முடித்துக்கொள்ளும் நிகழ்ச்சிக்குக் கப்பலின் தொகுப்பே போதும். அரங்கு, ஒலியமைப்பு, பூ அலங்காரம், சாப்பாடு எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. வெளிப் புகைப்படக்காரரைப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை; அனுமதித்தாலும் அவர் ஒரு பயணியாகச் சீட்டு எடுத்தே ஏற வேண்டியிருக்கும். அங்கே ஏற்பாட்டாளர் ஒருவரை வைப்பது, ஒரே மின்னஞ்சலை இரண்டு கை மாற்றி அனுப்புவதற்குக் கூலி கொடுப்பதாகும்.

தாலி கட்டுவதும் ஓமம் வளர்ப்பதும் கப்பலிலேயே என்றால் கதை வேறு. பயணிகள் கப்பலில் எதையும்விட அதிகம் அஞ்சப்படுவது தீ என்பதால், மெழுகுவத்தியும் ஊதுவத்தியும்கூடத் தடை செய்யப்பட்ட பொருள்கள். சிங்கப்பூர் முனையத்தில் ஒரு காலையில், பெண்ணின் அத்தை பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்த சடங்குச் சாமான் பெட்டியை ஸ்கேனர் அருகே நிறுத்தித் திறக்கச் சொன்னார்கள். கற்பூரம், தீப்பெட்டி, சாம்பிராணி, சமித்துக் கட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மஞ்சளும் குங்குமமும் மட்டும் உள்ளே போயின. "ஓமத்துக்கு ஏற்பாடு உண்டு" என்று கப்பல் தரப்பு மின்னஞ்சலில் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் சொன்னது மின்விளக்கு ஒளிரும் செயற்கைக் குண்டத்தை, குடும்பத்தார் புரிந்துகொண்டதோ நெய் ஊற்றி வளர்க்கும் அக்னியை. அந்தப் பயணத்தில் விருந்தினரின் போக்குவரத்து மட்டுமே என் பொறுப்பு என்றாலும், ஓமம் என்ற சொல்லைக் கேட்ட பிறகும் "எரியும் தீயா, மின்விளக்கா?" என்று நான் விசாரிக்காமல் இருந்தது என் தவறு. இன்று அதுதான் நான் எழுத்தில் கேட்டு வாங்கும் முதல் பதில்.

முகூர்த்தமும் இதே வகைச் சிக்கல்தான். சென்னையில் குறித்துக் கொடுத்த நேரத்தை அப்படியே கடலுக்கு எடுத்துப்போக முடியாது. லக்னம் இடத்தைப் பொறுத்தது. சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்தங்கியது, கப்பலின் கடிகாரமோ கப்பல் தலைவர் (கேப்டன்) அறிவிக்கும் நேரத்தைக் காட்டும். அந்த நாளில் கப்பல் எங்கே இருக்கும், எந்த நேரத்தைப் பின்பற்றும் என்று கேட்டு ஜோசியரிடம் சேர்ப்பவர் ஒருவர் வேண்டும்.

விருந்தினர் பட்டியலும் அப்படியே. பயணம் முடிவதற்குள் 24 வாரத்தை எட்டும் கர்ப்பிணிகளையும், ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் ஐந்தாறு மாதக் கர்ப்பிணியாக ஓர் அக்காளோ நாத்தனாரோ இல்லாமல் இருப்பது அரிது. சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய்த் திரும்பினால் அது இரண்டாம் நுழைவு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரின் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று நூறு பேருக்கும் பார்த்தாக வேண்டும். கப்பல் ஒருங்கிணைப்பாளர் இதைச் செய்யமாட்டார். அவருடைய வேலையும் அதுவன்று.

கப்பல் தலைவர் நடத்தி வைத்தாலே திருமணம் செல்லும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது கப்பல் எந்த நாட்டில் பதிவானது என்பதைப் பொறுத்தது. குனார்டு நிறுவனம் 2011-இல் தன் மூன்று கப்பல்களின் பதிவைச் சவுத்தாம்ப்டனிலிருந்து பெர்முடாவின் ஹாமில்டனுக்கு மாற்றியதற்கு, பிரிட்டிஷ் பதிவில் கடல்நடுத் திருமணம் நடத்த முடியாததும் ஒரு காரணம். நம்மவர்க்கு இன்னொரு கணக்கும் உண்டு: 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு கேட்கும் சடங்குகள் நடக்காமல், சான்றிதழ் மட்டும் இருந்தால் திருமணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் கூறியது. தமிழ்நாட்டில் நடந்த திருமணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் பதிய வேண்டும். ஆகவே ஊரில் கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்துவிட்டுக் கொண்டாட்டத்தைக் கப்பலுக்கு எடுத்துப் போங்கள் என்றே நான் சொல்வேன். இதை ஏற்றுக்கொண்டால் ஓமம், முகூர்த்தம் ஆகிய இரண்டு தலைவலிகளும் நீங்குகின்றன. பலருக்கு அத்துடன் என் தேவையும் நீங்கிவிடுகிறது.

அதற்குப் பிறகும் ஆள் வைப்பதென்றால், அவருக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேளுங்கள். குழு முன்பதிவுக்குப் பல கப்பல் நிறுவனங்கள் கமிஷன் தருவதோடு, 16 பேருக்கு ஓர் இடம் என்ற கணக்கில் கட்டணச் சலுகையும் தருகின்றன. அதை ஏற்பாட்டாளர் வைத்துக்கொள்வதில் குற்றமில்லை, உங்களிடம் சொல்லியிருந்தால். அவரும் உங்களோடு கப்பலில் வருகிறாரா, அவருடைய அறைக் கட்டணம் யார் தலையில், காற்று பலமாக வீசித் திறந்த தளம் மூடப்பட்டால் எந்த அரங்கு உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பவற்றுக்கு ஒப்பந்தத்தில் பதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.