அதே ஆள், அதே நாணயம், ஆனால் கடன் இல்லை

செட்டிநாட்டிலிருந்து கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஒருவரின் பர்மா வட்டிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. கடன் 100 ரூபாய், வருஷ வட்டி 12. திரும்பி வந்தால் லாபம் 12. வராவிட்டால் அடமான நிலத்தை விற்று 60 தேறும், 40 கையைக் கடிக்கும். லாபமும் நட்டமும் சரிக்கட்டும் இடம் 40/52, சுமார் 77 சதவீதம். கடன்காரர் திருப்பித் தருவார் என்ற நம்பிக்கை அதற்கு மேலே இருந்தால் கொடுக்கலாம்.

நெல் விலை விழுகிறது. அதே நிலம் இப்போது 20தான் போகும். நட்டம் 80, வரம்பு 80/92, அதாவது 87 சதவீதம். 80 சதவீதம் நம்பத்தக்கவர் நேற்று வளவுக்குள், அதாவது வீட்டு உள்முற்றத்தில், உட்கார்ந்தார், இன்று திண்ணையோடு சரி. அவர் குணம் இம்மியும் மாறவில்லை. தப்புக் கணக்கின் விலைதான் ஏறியிருக்கிறது.

சரி, ஒருவர் 80ஆ 87ஆ என்று எப்படித் தெரியும்? அந்நியரை விசாரிக்க நாளும் பணமும் ஆகும். நகரத்தாருக்குள், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களுக்குள், அது மலிவு. சமூகத்தையே பிரிவுகளாக வகுக்கும் ஒன்பது நகரக் கோயில்கள். ஒரே கோயிலுக்குள் பொதுவாகப் பெண் கொடுப்பதில்லை. அதனால் பெரும்பாலான வீடுகளுக்கு குறைந்தது இரண்டு கோயில் உறவு. இலுப்பைக்குடிக் கோயில்காரர் நாணயம் தவறினால் மாத்தூர்க் கோயில் சம்பந்தி வீட்டுக்குச் சேதி போய்விடும். நம்மவர், அந்நியர் என்ற எல்லைக்கோடு இங்கே விசாரணைச் செலவை மிச்சம் பிடிக்கும் கருவி. நெருக்கடி வந்ததும் அதையே இறுகப் பிடிக்கிறோம்.

கருவியில் ஒரு கோளாறு உண்டு. நம்பி ஏமாந்தால் பேரேட்டில் வராக்கடனாக நிற்கும். நல்லவரைத் திருப்பி அனுப்பினால் எந்த ஏட்டிலும் ஏறாது. ஒரு பக்கத் தப்பு மட்டுமே கண்ணில் படுவதால் சந்தேகம் தன்னைத் திருத்திக்கொள்வதே இல்லை.

இதற்குக் கடைக்குள்ளேயே மருந்து இருந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர்ப்பார்கள், பிறகு அடுத்தாள் (உதவியாளர்), பிறகு கடையை நடத்தும் ஏஜெண்டு. மூன்று வருஷக் கணக்கில் சம்பளச்சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம். முதலில் சில்லறைக் கணக்கு, கடைசியில்தான் கடைச் சாவி. தப்பினாலும் தாங்கக்கூடிய தொகையில் ஆளைச் சோதித்துப் பார்க்கும் ஏணி இது.

அந்த ஏணி பெரும்பாலும் சொந்தச் சமூகத்துப் பையன்களுக்குத்தான். பர்மிய விவசாயிக்கு நிலத்தை எழுதிவைப்பது ஒன்றுதான் வழி. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1937இல் 25. கொடுத்தவர்கள் கேட்டது பணம். வந்து சேர்ந்தது வயல்.