பிள்ளைக்குக் காந்தம் கொடுங்கள், உருண்டைக் காந்தம் மட்டும் வேண்டாம்

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். காந்தம் முதலாம் ஆண்டிலேயே பாடமாக வந்துவிடுகிறது. "காந்தத்தில் எதெல்லாம் ஒட்டும்?" என்று கேட்டால், "இரும்பு, தங்கம், வெள்ளி எல்லாம் ஒட்டும் டீச்சர்" என்று பதில் வரும். பளபளவென்று கெட்டியாக இருப்பதெல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான். இரும்பு, எஃகு, நிக்கல், கோபால்ட் ஆகியவை ஒட்டும் என்று எழுதிப் போட்டால் சோதனைக்கு உதவும். பிள்ளையின் மனதில் இருக்கும் எண்ணம் அதனால் மாறுவதில்லை.

அதை மாற்ற வீட்டுச் சமையலறைதான் நல்ல இடம். சற்றுப் பெரிய சட்டக் காந்தம் ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். சார்டின் டின்னில் ஒட்டும், அலுமினியப் பானக் கேனில் ஒட்டாது. சாமி மேடைப் பித்தளை விளக்கும் அம்மாவின் தங்கச் சங்கிலியும் அசையவே அசையாது. எவர்சில்வர் பாத்திரம்தான் பெரியவர்களையும் யோசிக்க வைக்கும். சிலவற்றில் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. இரண்டிலுமே பெரும்பகுதி இரும்புதான். ஆனால் நிக்கல் அதிகம் சேர்ந்த வகையில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் மாறிவிடுகிறது, அதனால் காந்தம் ஈர்ப்பதில்லை. ஏழு வயதில் இந்த விளக்கம் வேண்டாம். ஒட்டுமா ஒட்டாதா என்று முதலில் ஊகிக்கட்டும், அப்புறம் வைத்துப் பார்க்கட்டும். ஊகம் தப்பினால் திருத்தாமல் அடுத்த பாத்திரத்தை எடுத்து நீட்டுங்கள்.

ஒத்த துருவங்கள் விலக்கும், எதிர்த் துருவங்கள் ஈர்க்கும் என்பதை இரண்டு காந்தங்கள் கையில் இருந்தால் பிள்ளையே சொல்லிவிடும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். சட்டக் காந்தத்தின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட வேண்டும். வாசல் கிரில்லுக்கும் இரும்பு அலமாரிக்கும் பக்கத்தில் வேண்டாம். ஆடி ஓய்ந்ததும் அது வடக்கு தெற்காக நிற்கும். பூமியே ஒரு பெரிய காந்தம் என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600-இல் எழுதியது இதற்கான காரணத்தைத்தான். நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. காந்த நடுக்கோடு பினாங்கிற்கு அருகில் செல்வதால், பூமியின் காந்தப்புலம் இங்கே ஏறக்குறைய கிடையாக இருக்கிறது, தொங்கும் காந்தத்தை ஒரு பக்கமாகக் கீழே இழுப்பதில்லை. லண்டனில் அதே புலம் நன்றாகச் சாய்ந்து தரையை நோக்கி இறங்குகிறது.

சரி, பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. விளையாட்டுப் பொருளாக விற்கப்படும் குட்டிக் குட்டி உருண்டைக் காந்தங்களை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவை நியோடிமியம் காந்தங்கள், அளவுக்கு மீறிய பலம். இரண்டு மூன்றை விழுங்கிவிட்டால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் சிக்கும் குடல்சுவர் நசுங்கி ஓட்டையே விழலாம். தொடக்கத்தில் வெறும் வயிற்றுவலி, வாந்தி போலத்தான் தெரியும். சில பிள்ளைகளிடம் அதுவும் இருக்காது.

விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். காந்தம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எத்தனை குறைகிறது என்பதையும் சேர்த்து. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உருண்டைகள் எக்ஸ்ரேயில் ஒன்றாகத் தெரிந்துவிடலாம்.