கொன்ட்ரோல்ட் டேர்மினோலொஜி: வரையறு சொற்றொகுதி

மருந்துகளைச் சோதிக்கும் மருத்துவ ஆய்வுகளில், தரவின் எந்த இடத்தில் எந்தச் சொல்லை எழுதலாம் என்று முன்கூட்டியே வகுத்து, ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண்ணையும் விளக்கத்தையும் கொடுத்து வைத்திருக்கும் தொகுதிக்கே ‘கொன்ட்ரோல்ட் டேர்மினோலொஜி’ என்று பெயர். அதைத் தேடிப் பார்க்கும் கருவிக்கு அட்டனில் இருந்தபடி தமிழில் கைந்நூல் எழுதிவரும் எனக்கு, முதற்பக்கத்திலேயே இந்தத் தொடர் இடறியது. ‘கட்டுப்படுத்தப்பட்ட சொற்கள்’ என்று எழுதிக் காட்டினேன். வாசித்த நண்பர், “அரசாங்கம் தடை செய்த சொற்களா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. கட்டுப்பாட்டு விலை, கட்டுப்பாட்டுப் பிரதேசம் என்றெல்லாம் பழகிய காதுக்கு அச்சொல் அப்படித்தான் ஒலிக்கும்.

ஆனால் ‘கொன்ட்ரோல்’ என்ற சொல்லின் வேர் அடக்குவதில் இல்லை. இடைக்கால இலத்தீனில் ‘கொன்ட்ராரொட்டுலுஸ்’ என்றால் ‘எதிர்ச்சுருள்’ என்று பொருள். கணக்கு எழுதிய தோற்சுருளுக்கு இணையாக இன்னொரு சுருளை வேறொருவர் வைத்திருப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து ஒத்துப்பார்த்தால் கள்ளக் கணக்கு வெளிவரும். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது முதலில் சரிபார்ப்பதையே குறித்தது. ஆளுதல், அடக்குதல் என்ற பொருள்கள் பின்னால் ஏறியவை.

இந்த இரட்டைச் சுருளை மலையகத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. தேயிலை மலையில் கணக்கப்பிள்ளை கையில் அன்றாட வேலையைப் பதியும் ஒரு பேர்ப்புத்தகம், ஒபிஸில் சம்பளப் பதிவேடான செக்ரோல். கொழுந்து நிறுத்துவிட்டு முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம், கிடைத்ததாக நினைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பிய பெண், சம்பள நாளில் தனக்கு அரைப்பேர் விழுந்திருப்பதைக் கண்டு கேட்டால், இரண்டு புத்தகங்களையும் ஒன்றோடொன்று வைத்துத்தான் பார்ப்பார்கள். ‘செக்ரோல்’ என்பதிலுள்ள ‘ரோலு’ம் ‘கொன்ட்ரோல்’ என்பதன் கடைசிப் பாதியும் ஒரே சுருள்தான்.

தேடுகருவி செய்வதும் இந்த ஒத்துப்பார்த்தலையே. ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியின் பழைய பதிவேட்டில் மூவர் கையெழுத்தைப் பார்த்தேன். ஒருவர் ‘பிரஷர்’ என்றும், இன்னொருவர் ‘பி.பி.’ என்றும், பயிற்சி முடித்துப் புதிதாக வந்தவர் பாடநூல் தமிழில் ‘குருதியமுக்கம்’ என்றும் எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டவர் என்றால் ‘இரத்த அழுத்தம்’ என்று எழுதியிருப்பார். ஆளுக்கு இது விளங்கும். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் தரவை ஒன்றுசேர்க்கும் கணினிக்கு இவை நான்கும் நான்கு வெவ்வேறு சங்கதிகள். தொகுதியிலோ இதயம் சுருங்கும்போதுள்ள அமுக்கத்துக்கு சி-25298 என்றும், விரியும்போதுள்ளதற்கு சி-25299 என்றும் எண்கள் உண்டு. கருவியில் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் எண், தரவில் எழுத வேண்டிய சொல், அதன் மாற்றுப் பெயர்கள், விளக்கம் எல்லாம் வரும். தமிழில் தட்டினால் ஒன்றும் வராது. கைந்நூலின் தேவை அங்கேதான் தொடங்குகிறது.

இந்தத் தொகுதியை ஆக்குவது, மருத்துவ ஆய்வுத் தரவுக்கு நியமங்கள் வகுக்கும், 1997இல் தன்னார்வலர் குழுவாகத் தொடங்கிய சீடிஸ்க் அமைப்பு. பேணிக் காத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுவது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம். 2016 டிசம்பர் 17க்குப் பின் தொடங்கிய ஆய்வுகளை வைத்து அமெரிக்காவில் புதிய மருந்துக்கு அனுமதி கேட்பவர்கள் தரவை இவ்வகை நியமங்களின்படியே கொடுக்க வேண்டும்.

இனி மற்றப் பாதி. ‘டேர்ம்’ என்பதன் இலத்தீன் மூலமான ‘தெர்மினுஸ்’ எல்லையைக் குறிக்கும். உரோமர் வயல் வரம்பில் நட்ட எல்லைக்கல்லுக்கும் அதுவே பெயர், அக்கல்லுக்குரிய தெய்வத்துக்கும் அதுவே பெயர். தமிழில் இதற்கு ஈடாக ‘வரை’ இருக்கிறது. கோடும் அதுதான், எல்லையும் அதுதான். மலைக்கும் வரை என்று பெயர் இருப்பது நமக்கு மேலதிக மகிழ்ச்சி. ஆகவே ‘வரையறு சொற்றொகுதி’ என்று வினைத்தொகையாக வைத்துக்கொண்டேன். ‘வரையறுக்கப்பட்ட’ என்று நீட்டினால் கம்பனிப் பெயர்ப்பலகையின் ‘லிமிட்டெட்’ நினைவுக்கு வந்துவிடுகிறது. ‘சொற்றொகுதி’ என்பது இலங்கையின் அரசகரும மொழித் துறையார் தம் கலைச்சொல் நூல்களுக்கு இட்ட பெயர். அதைக் கைவிட எனக்குக் காரணம் தெரியவில்லை.

தொகுதிக்குள் உள்ள ‘கோட்லிஸ்ட்’டுக்குக் ‘குறியீட்டுப் பட்டியல்’ பொருந்தாது. அங்கே அடுக்கியிருப்பவை வெறும் குறியீடுகள் அல்ல, அந்த இடத்தில் அனுமதி பெற்ற சொற்கள். வாக்காளர் இடாப்பு, வரவு இடாப்பு என்று நம் நாட்டில் வழங்கும் ‘இடாப்பு’ இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. இடாப்பில் பெயர் இருந்தால்தான் வாக்கு. சொல்லிடாப்பில் இருந்தால்தான் தரவில் இடம். இவற்றில் மூடிய இடாப்பும் உண்டு, திறந்த இடாப்பும் உண்டு. பால் என்ற இடாப்பு, எண் சி-66731, மூடியது. அதில் ஆண் சி-20197, பெண் சி-16576. ஆய்வு நடத்துபவர் தம் விருப்பத்துக்கு அதில் ஒரு சொல்லையும் சேர்க்க முடியாது. திறந்த இடாப்பில், ஏற்கெனவே உள்ள எந்தச் சொல்லும் அக்கருத்தைச் சொல்லவில்லை என்று பார்த்த பிறகு, புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். அந்தப் பார்த்தலைச் செய்யாமல் சேர்ப்பதே அதிகம் நடக்கும் பிழை.

உடல் இருக்கும் நிலை என்ற இடாப்பு திறந்தது. அமுக்கம் அளந்தபோது நோயாளி எப்படி இருந்தார் என்பதை அதிலிருந்து எடுத்து எழுத வேண்டும். நான் பார்த்த பதிவேட்டில் ‘படுத்திருந்தார்’ என்று மட்டும் இருந்தது. இடாப்பு அதோடு விடுவதில்லை. முதுகு கீழே இருக்கப் படுத்தல் ஒரு சொல், சி-62167. வயிறு கீழே இருக்கப் படுத்தல் வேறொரு சொல். கைந்நூலில் முதலாவதற்கு ‘மல்லாந்து’ என்றும் மற்றதற்குக் ‘குப்புற’ என்றும் எழுதினேன். அவற்றுக்கு மட்டும் நான் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.