இரைப்பையைச் சுருக்கலாம், டார்ட்டில்லாவை என்ன செய்வது?

அமெரிக்காவில் 2017–18 கணக்கெடுப்பின்படி ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் மொழி பேசும் நாடுகளின் வழிவந்த) பெரியவர்களில் 44.8 சதவீதத்தினருக்கு உடற்பருமன் இருந்தது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருவோரில் அவர்களும் கணிசம். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடும். இரைப்பையின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு உணவை நேரே சிறுகுடலுக்குத் திருப்பும் பைபாஸ் முறையில், உணவுக்கு 30 மில்லி கொள்ளும் சிறு பைதான் மிஞ்சும்.

பசி அடங்குகிறது. ஆனால், சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த பண்டங்களுக்குப் பழகிய மூளையின் டோபமைன் பாதையில் (இன்ப உணர்வையும் நாட்டத்தையும் தூண்டும் வழி) யாரும் கத்தி வைக்கவில்லை. உணவு அடிமைத்தனம், மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க டிஎஸ்எம்-5 கையேட்டில் தனி நோயாக இல்லை. 2009-இல் வந்த யேல் அளவுகோல் என்னும் கேள்விப் பட்டியலால் அதை அளக்கிறார்கள். 2016 பதிப்பில் 35 கேள்விகள், 11 அறிகுறிகள். இரண்டு அறிகுறிகளாவது இருந்து, அவற்றால் வாழ்க்கையும் பாதிக்கப்பட்டிருந்தால்தான் கணக்கு. இங்கே கவனம் வேண்டும். பாட்டி பரிமாறியதை மறுக்க முடியாமல் சாப்பிடுவதும், யாரும் இல்லாதபோது நிறுத்த முடியாமல் சாப்பிடுவதும் வேறு வேறு.

அமெரிக்க வாழ்க்கைக்கு ஒருவர் எவ்வளவு பழகியிருக்கிறார் என்பதை அளக்க 1987-இல் வந்த 12 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அது பேசும் மொழியையும் ஊடகத்தையும் நட்பு வட்டத்தையும் கேட்கும். அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்காது. ஆங்கிலம் கூடக்கூட வீட்டில் பீன்ஸும் சோள டார்ட்டில்லாவும் (மெல்லிய தட்டை ரொட்டி) குறைந்து, துரித உணவும் சோடாவும் ஏறுவது பரவலாகக் காணப்படும் போக்கு. ஆகவே 'உங்கள் ஊர்ச் சாப்பாட்டை விடுங்கள்' என்னும் அறிவுரை பல நேரம் தவறான எதிரியைக் குறிவைக்கிறது.

உண்மையான சிக்கல் இரண்டு. ஒன்று, மாவு. கோதுமை டார்ட்டில்லா, சோறு, மென்மையான பான் துல்சே என்னும் இனிப்பு ரொட்டி மூன்றும் எச்சிலில் ஊறிப் பசைபோல் உருண்டு குறுகிய வாயிலில் சிக்கும். நெஞ்சு அடைக்கும், வாந்தி வரும். இரண்டு, குடிக்கும் சர்க்கரை. ஹோர்ச்சாட்டாவும் (அரிசியில் செய்யும் இனிப்புப் பானம்) சோடாவும் சிக்காமல் வழுக்கிப் போய்விடும். 355 மில்லி கோலாவில் 39 கிராம் சர்க்கரை. பைபாஸ் செய்தவருக்கு 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என, உணவு வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால் வரும் 'டம்பிங்' தண்டனை பெரும்பாலும் கிடைத்துவிடும். ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு அந்தத் தடை இல்லை, எடை சத்தமில்லாமல் ஏறும்.

சமையலறையிலேயே மாற்று இருக்கிறது. அறுவைக்குப் பின் வரும் கூழ் உணவுக் கட்டத்தில், வேகவைத்து மசித்த பிண்டோ பீன்ஸ் நன்றாகப் பொருந்தும்: அரைக் கப்பில் 7 கிராமுக்குக் குறையாத புரதம். பன்றிக் கொழுப்பில் வறுக்காமல் வேகவைத்த நீரிலேயே மசிக்க வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பதால் முட்டை, கோழி, மீன் முதலில். மாவுப் பண்டம் கடைசியில். சாப்பிட்ட பின் 30 நிமிடம் தண்ணீர் கூடாது. அகுவா ஃப்ரெஸ்கா என்னும் பழப் பானத்தைச் சர்க்கரை போடாமல் வெள்ளரி, எலுமிச்சையோடு செய்யலாம்.

உணவு ஆலோசனைக்கு நோயாளியோடு வீட்டில் சமைப்பவரும் வரட்டும், பேச்சு ஸ்பானிஷில் நடக்கட்டும். கிறிஸ்துமஸ் தமாலேக்கு (சோள மாவுக்குள் இறைச்சி வைத்து ஆவியில் வேகவைத்த பண்டம்) விதி எளிது: உள்ளிருக்கும் இறைச்சியை முதலில் நன்கு மென்று தின்றுவிட்டு, வயிற்றில் இடமிருந்தால் மாவில் இரண்டு வாய்.